யார் பெயரில் எழுதியிருக்கிறது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு பெண் ஏன் வெளிநாடு போகிறாள் என்று கேட்டால் "கஷ்டம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். கஷ்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. இங்கே அதோடு ஒரு வீடும் சேர்ந்திருக்கிறது. இலங்கையின் கிழக்கில், தமிழரானாலும் முஸ்லிமானாலும், கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பதுதான் வழக்கம். வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். அதனால் பெண் பிள்ளை பிறந்த அன்றே ஒரு வீட்டுக் கணக்கும் தொடங்கிவிடுகிறது. இரண்டு பெண் பிள்ளை என்றால் இரண்டு வீடு. வயலில் கூலிக்கு நிற்பவரும், வாவியில் வலை போடுபவரும், மேசனோடு கையாளாகப் போகிறவரும் அன்றாடச் செலவைச் சமாளிப்பார்கள். வீடு எழுப்ப அந்தக் கூலி காணாது. போரிலோ 2004 சுனாமியிலோ கணவனை இழந்த வீடுகளில் அந்தக் கூலியும் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடியிலிருந்தும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களிலிருந்தும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரையிலிருந்தும் பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாகச் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் டுபாய்க்கும் போகிறார்கள்.

பெண்ணின் பெயரில் வீடு இருக்கும் மண் இது. ஆனால் அந்த வீட்டுக்காக உழைக்கப் போகிறவளின் பெயர் வழியில் ஒவ்வொரு தாளிலிருந்தும் உதிர்ந்துகொண்டே போகிறது. பாஸ்போட்டில் பிறந்த ஆண்டு மாறுகிறது. காசு விழும் கணக்கு கணவன் பெயரில். வங்கிச் செய்தி வரும் சிம் தம்பியின் பெயரில். வீடு எழும்பும் காணியின் அரச அனுமதிப்பத்திரம் (பெர்மிட்) மாமனார் பெயரில். பத்து வருடம் உழைத்து வந்தவள் கையில் ஒன்றும் இல்லை என்று ஊர் பேசும்போது, அவள் செலவாளி, ஏமாளி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது அநியாயமான பேச்சு. போகுமுன் சரிபார்த்திருக்க வேண்டிய சில தாள்களை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே நடந்தது. அந்தத் தாள்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பயணம் பெரும்பாலும் ஏஜென்சியில் தொடங்குவதில்லை, கடனில் தொடங்குகிறது. கிராமத்தில் ஐந்து, பத்துப் பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கச் சொல்லிக் கொடுக்கும் நுண்கடன், கிழமைக்குக் கிழமை அறவிடப்படுகிறது. ஒரு கிழமை தவறினால் அன்று மற்றப் பெண்கள் அந்தக் காசைப் போட்டு நிரப்ப வேண்டும். அதனால் கடன்காரனுக்கு முன்னால் அயல்வீட்டுக்காரி வாசலில் வந்து நிற்பாள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க நகை அடகு. 2018இல் அரசு வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ததே நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குச் சாட்சி. புறோக்கர் இப்படிப்பட்ட வீட்டைத்தான் தேடி வருகிறார். "தங்கச்சி, நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க. கைச்செலவுக்கு முன்காசு தாறம், டிக்கெட் எங்கட பொறுப்பு" என்பார்.

வீட்டு வேலைக்குப் போகிறவளிடம் காசு கேட்பதைவிட அவளுக்குக் காசு கொடுப்பதுதான் அதிகம். இந்த முன்காசு எங்கிருந்து வருகிறது என்று விளங்கினால் பிறகு நடப்பதெல்லாம் விளங்கும். அங்கே ஒரு வீட்டுக்காரர் பணிப்பெண்ணை எடுக்க மக்தப் என்று சொல்லப்படும் அந்நாட்டு ஏஜென்சிக்குப் பெருந்தொகை கட்டுகிறார். அதில் ஒரு பங்கு கொழும்பு ஏஜென்சிக்கு வருகிறது. அதிலிருந்து புறோக்கருக்கும் கீழே அவளுக்கும் பிரிகிறது. வீட்டுக்காரருக்கு ஒரு உத்தரவாதக் காலம் உண்டு, சவூதியில் அது மூன்று மாதம், வேறு சில நாடுகளில் இன்னும் கூட. அதற்குள் அவள் வேலை செய்ய மறுத்தாலோ நோயாளி என்று தெரிந்தாலோ ஏஜென்சி வேறு ஆளைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காசைத் திருப்ப வேண்டும்.

இதன் விளைவு இரண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் அவள் போன் எடுத்து "இங்க இருக்க ஏலாது" என்று சொன்னால் ஏஜென்சிக்கு அது நட்டம். அதனால் "கொஞ்சம் பொறுங்க, பழகிடும்" என்பார்கள், வீட்டாரிடம் முன்காசைத் திருப்பிக் கேட்டு மிரட்டுவார்கள். மூன்று மாதம் தாண்டிய பிறகு அவளால் ஏஜென்சிக்கு நட்டமே இல்லை. அப்போது போனே எடுக்க மாட்டார்கள். ஆகவே முறைப்பாடு என்று ஒன்று இருந்தால் அது அந்த மூன்று மாதத்துக்குள், ஏஜென்சிக்கு வாய்ப்பேச்சாக இல்லாமல், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எழுத்தில் போக வேண்டும். பத்தரமுல்லையில் இருக்கும் அதன் தலைமையகம் வரை போக முடியாவிட்டால் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடுத்து, திகதி போட்ட ஒரு பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணியகத்தின் தொலைபேசி எண் 1989. முன்காசு வாங்குவதென்றால் தொகை, திகதி, எந்த நிபந்தனையில் என்பதை எழுதி வாங்க வேண்டும். எழுத மறுப்பவரிடம் காசு வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. உரிமம் ஏஜென்சிக்குத்தான் உண்டு, வாசலுக்கு வரும் புறோக்கருக்குக் கிடையாது. உரிம இலக்கத்தைக் கேட்டு, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பிரதேச செயலகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்போட்டில் பிறந்த திகதி பற்றி ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988இல் பிறந்தவர். 1982 என்று எழுதிய பாஸ்போட்டில் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டார். அப்போது வயது 17. பிள்ளை பராமரித்துப் பழக்கமில்லாத அந்தச் சிறுமியிடம் கைக்குழந்தை ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்தது, கொலைக்குற்றம் சுமத்தப்பட்டது. வழக்கில் அவருடைய உண்மை வயதுக்கு எதிராக நின்றது அந்தப் பாஸ்போட்டே. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதை இரண்டு வருடம் கூட்டுவது சின்ன விசயம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

அந்த 2013ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய் வீட்டு வேலைக்குப் போகக் கூடாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்பது அது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. குறைந்தபட்ச வயதும் எல்லா நாட்டுக்கும் 21 ஆனது. பிள்ளையைக் காக்கும் எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் அது தாயை மட்டும் கட்டியது, தகப்பனிடம் எதையும் கேட்கவில்லை. கடன் நிற்கும்போது விதிக்காகப் பயணம் நிற்காது. வேறு வழி தேடும். அந்த வேறு வழியின் பெயர் விசிட் விசா. பணியகத்தில் பதியாமல் சுற்றுலாப் பயணியாக டுபாய்க்குப் போய், அங்கிருந்து கைமாறுவது. 2022 நவம்பரில் ஓமானில் வெளிச்சத்துக்கு வந்தது இதுதான். விசிட் விசாவில் டுபாய் வழியாகக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் வீடு வீடாக விற்கப்பட்டிருந்தார்கள். விசிட் விசாவில் போனவளுக்கு ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை, பணியகத்தின் பதிவேட்டில் அவள் பெயரே இல்லை. அவள் செத்தால் உடலைக் கொண்டுவருவதற்குக்கூட வீட்டார் அலைய வேண்டும். இரண்டு வருடம் முடிந்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போகும்போதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முதல் பதிவு காலாவதியானால் காப்புறுதியும் அதோடு போகும்.

மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம், கர்ப்பப் பரிசோதனை எல்லாம் பார்ப்பார்கள். அது வழமை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சில இடங்களில் "சத்து ஊசி" போல ஒன்றைச் சொல்லாமல் போட்டுவிடுகிறார்கள். அது மூன்று மாதம் வேலை செய்யும் கருத்தடை ஊசி. என்ன ஊசி என்று கேட்பதும் வேண்டாம் என்று சொல்வதும் அவளுடைய உரிமை. போட்டால் மாதவிலக்கு தாறுமாறாகலாம், நிற்கலாம், மாதக்கணக்கில் தொட்டுத் தொட்டு வடியலாம். நிறுத்தின பிறகும் கருத்தரிக்கச் சில மாதம் தாமதிக்கும். தெரிந்திருந்தால் அந்நிய வீட்டில் பயந்து சாக வேண்டியதில்லை.

பல் சொத்தை இருந்தால் போகுமுன் அடைத்துவிட வேண்டும். அங்கே பல் டொக்டரிடம் கூட்டிப் போகிற வீட்டுக்காரர் குறைவு. தொடர்ந்து எடுக்கும் மாத்திரை இருந்தால் டொக்டரின் ஆங்கிலத் துண்டோடு, மருந்துப் பெட்டியோடு எடுத்துப் போக வேண்டும். கோடீன், டிரமடோல் கலந்த வலி மாத்திரைகளை வளைகுடா நாடுகளில் போதைப்பொருளாகப் பார்ப்பார்கள். கசகசாவும் அப்படியே. கறிக்குப் போட என்று ஒரு பிடி கட்டிக்கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பிடிபடலாம். வெற்றிலை வேண்டாம். கோயிலில் கட்டிய நூல், தாயத்து, மந்திரித்த தகடு எதுவும் சவூதிக்குப் போகும் பையில் இருக்கக் கூடாது. அங்கே சூனியம் செய்வது கடும் குற்றம், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சந்தேகம் முதலில் பணிப்பெண்ணின் பைக்குத்தான் வரும். "இதை எங்கட மகளிட்ட குடுங்க" என்று அயலவர் தரும் கட்டிய பொதியைப் பிரித்துப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

இனி வங்கிக் கணக்கு. இதில்தான் அதிகம் நிற்க வேண்டும், ஏனெனில் உழைப்பு முழுவதும் கரைவது இங்கேதான்.

போகுமுன் இரண்டு கணக்கு திறக்க வேண்டும். ஒன்று வீட்டுச் செலவுக்கு. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர், அம்மாவோ ராத்தாவோ, அதில் எடுக்கலாம். மற்றது அவளுடைய தனிப் பெயரில், கூட்டுக் கணக்காக இல்லாமல், வேறு யாரிடமும் அட்டை கொடுக்காமல். காசு அனுப்புவதும் இரண்டு தடவையாக இருக்க வேண்டும். முழுவதையும் ஒரு கணக்குக்குப் போட்டு "மிச்சத்தைச் சேர்த்து வையுங்க" என்று சொன்னால் மிச்சம் என்று ஒன்று இருக்காது. அது யாருடைய கெட்ட குணமும் அல்ல. கையில் காசு இருக்கிற வீட்டுக்குச் சாமத்தியம், சுன்னத்துக் கலியாணம், திருவிழா, மச்சானின் மோட்டார் சைக்கிள் என்று செலவு தானே நடந்து வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 1,200 றியால் என்று வைப்போம். சவூதி றியால் டொலருக்கு 3.75 என்று நிலையாக நிற்பதால் அது 320 டொலர். டொலர் 300 ரூபாய் என்றால் 96,000 ரூபாய். வீட்டுக்கு 40,000, கடனுக்கு 30,000 போனால், தன் கணக்குக்கு 26,000 நிற்கும். 24 மாதத்தில் 624,000. இது ஒரு மாதமும் சம்பளம் தவறாமல் கிடைத்தால் வரும் தொகை. முதல் மாதச் சம்பளம் இரண்டு மாதம் கழித்து வருவது சகஜம். ஆகவே இரண்டு வருடத்தில் முழு வீடு எழும்பும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. அத்திவாரமும் சுவரும் எழும்பும். இந்தக் கணக்கை வெளிக்கிடுமுன் கணவனோடும் தாயோடும் சேர்ந்திருந்து கொப்பியில் எழுதிவிட்டால், பிறகு போனில் "காசு எங்க?" என்று சண்டை பிடிப்பது பாதியாகக் குறையும்.

சிம் விசயம் சின்னதாகத் தெரியும், பெரிய ஓட்டை அது. கணக்குத் திறக்கும்போது கொடுக்கும் போன் இலக்கத்துக்குத்தான் வங்கி ரகசிய எண் அனுப்பும். அந்த சிம்மை வீட்டில் விட்டுவிட்டுப் போனால், கணக்கு அவள் பெயரில் இருந்தாலும் சாவி வேறொருவர் கையில். தன் தேசிய அடையாள அட்டையில் எடுத்த சிம்மைத் தானே கொண்டுபோக வேண்டும். ரோமிங் போட்டு, மாதம் ஒருமுறை சின்னத் தொகை றீலோட் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். காசு எடுக்கும்போதெல்லாம் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் பதிவு செய்துவிட்டால் யார் எப்போது எவ்வளவு எடுத்தார்கள் என்று றியாத்திலிருந்தே தெரியும்.

வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் காசு கைமாறும் உண்டியலில் அனுப்பினால் ரூபாய் கொஞ்சம் கூடக் கிடைக்கும் காலம் உண்டு. 2022 நெருக்கடியின்போது அப்படித்தான் நடந்தது. வங்கி வழியாக நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்தது, 2022இல் 380 கோடிக்கும் கீழே போனது. வீட்டு வாசலுக்குக் காசு வருவது வசதிதான். ஆனால் உண்டியல் காசுக்கு அவள் பெயரில் ஒரு துண்டும் கிடையாது. பிறகு வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் வருமானத்தைக் காட்ட ஒன்றுமில்லை. குடும்பத்தில் பிரச்சினை வந்து நீதிமன்றம் போனால், "இந்த வீடு என்ட காசில கட்டினது" என்று சொல்ல வாய் மட்டும்தான் இருக்கும்.

போய் இறங்கிய முதல் கிழமையில் செய்ய வேண்டியவை சில. போன் கையில் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் வீடு இருக்கும் இடத்தின் லொகேஷனை வீட்டாருக்கு அனுப்பி வைக்க வேண்டும். குவைத் என்றால் பகுதி, புளொக், தெரு, வீட்டு இலக்கம் ஆகிய நான்கும் வேண்டும். இக்காமா என்ற வதிவிட அனுமதி அட்டை கிடைத்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கஃபீலின், அதாவது விசா எடுத்த வீட்டுக்காரரின், முழுப்பெயரும் போன் இலக்கமும் வேண்டும். பணியகத்துக்கோ தூதரகத்துக்கோ முறைப்பாடு போகும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான். "றியாத்துல ஒரு பெரிய வீடு" என்று மட்டும் தெரிந்த தாயால் எதுவும் செய்ய முடியாது. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று தாயிடம், ஒன்று தன்னிடம், ஒன்று போனில் படமாக. பாஸ்போட்டை வீட்டுக்காரர் வாங்கி வைப்பதைச் சவூதியிலும் குவைத்திலும் சட்டம் அனுமதிக்காது, ஆனாலும் நடக்கிறது. அதனால்தான் படம்.

சட்டம் எழுத்தில் முன்னேறியிருக்கிறது. குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது, கிழமையில் ஒரு நாள் ஓய்வு, வேலை முடிந்து போகும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் ஒரு தொகை. கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 றியால், வீட்டு வேலைக்காரருக்கும் அது பொருந்தும். சவூதியில் 2024 முதல் படிப்படியாகச் சம்பளத்தை வங்கி அல்லது மின்னணுப் பை வழியாகவே கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பை எந்தப் போன் இலக்கத்தோடு இணைந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரின் இலக்கமாக இருந்தால் சம்பளம் ஒரு பையில் போய் அதே பையிலிருந்து திரும்பிவிடும். வீட்டுக் கதவுக்குள் சட்டம் நுழைவது கடினம். ரமழான் மாதம் பகல் முழுவதும் நோன்பு திறக்கும் சமையல், இரவு முழுவதும் விருந்து, விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு மறுபடி சமையல் என்று நித்திரையே இரண்டு துண்டாகப் போகும். அதற்கு முன்பே ஓய்வு நேரத்தைப் பற்றி வீட்டுக்காரியான மத்தாமிடம் பேசிவைப்பது நல்லது. பெருநாளுக்குப் பிறகு பேசிப் பயனில்லை.

வேலையில் உடம்பைக் கெடுப்பது பாரம் மட்டுமல்ல. குளியலறை கழுவும்போது குளோறொக்ஸ் என்ற வெளிற்றும் திரவத்தையும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு பூட்டிய சிறிய அறையில் அது நெஞ்சை அடைத்து மயக்கம் போட வைக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. ஒன்றை ஊற்றித் தண்ணீரால் நன்றாக அலசிவிட்டுத்தான் மற்றது. மாடி வீட்டு ஜன்னலின் வெளிக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னால், கை எட்டும் வரை மட்டும். விளிம்பில் ஏறி நிற்க மாட்டேன் என்று சொல்வதற்குப் பயப்படக் கூடாது.

சம்பளம் தராமல் விட்ட மாதங்களைப் பற்றி நிறைய முறைப்பாடு வருகிறது. அதற்கு ஒரு சின்னக் கலண்டர் போதும். சம்பளம் கிடைத்த நாள், தொகை, யார் கையில் தந்தது, அனுப்பிய துண்டின் இலக்கம். ஊருக்கு அனுப்பும்போது விமான நிலையத்தில் வைத்து அரபுத் தாள் ஒன்றில் கையொப்பம் கேட்பார்கள். முழுச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன் என்பது அதில் எழுதியிருக்கும். பாக்கி இருந்தால் போடக் கூடாது. போடாமல் விமானம் ஏற விட மாட்டார்கள் என்றால், கையொப்பத்தோடு சேர்த்து "எனக்கு இத்தனை மாதச் சம்பளம் பாக்கி" என்று தமிழில் எழுதிவிட வேண்டும். பிறகு முறைப்பாடு வைக்கும்போது அந்த வரி அவளுக்காகப் பேசும்.

அடி தாங்காமல் வெளியேறினால் நேரே தூதரகத்துக்கோ, ஜித்தாப் பக்கம் என்றால் அங்குள்ள துணைத் தூதரகத்துக்கோ போக வேண்டும். டாக்சிக்காரனோ ஊர்க்காரனோ "வேற வேலை பார்த்துத் தாறன்" என்றால் அந்தப் பேச்சுக்குப் போகக் கூடாது. கஃபீல் ஹுரூப் என்று, அதாவது தப்பியோடினாள் என்று பதிந்துவிட்டால், அதன் பிறகு அவள் செய்யும் எந்த வேலையும் சட்டவிரோதம். சம்பளம் தராதவன் மேல் அவள் முறைப்பாடு வைப்பதும் மிகக் கடினமாகிவிடும்.

ஊரில் பிள்ளைகள். பராமரிப்பவர் என்று தாளில் எழுதுவது பெரும்பாலும் பாட்டியை, பெத்தாவையோ உம்மம்மாவையோ. சீனி வருத்தமும் முழங்கால் நோவும் உள்ள ஒரு மனுசி, பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒற்றையாய்ப் பார்க்கிறார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் என்பதைப் போகுமுன்னே முடிவு செய்து இரண்டாவது ஆளின் பெயரையும் பிரதேச செயலகத்தில் சொல்லிவைக்க வேண்டும். பாடசாலையில் அதிபரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் பாதுகாவலர் யார் என்று எழுத்தில் கொடுத்து, ஆசிரியரின் போன் இலக்கத்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். வரவு குறைந்தால் முதலில் தெரிவது ஆசிரியருக்கே. பிறப்புச் சாட்சிப் பத்திரம், தடுப்பூசி அட்டை, இரத்த வகை எல்லாம் ஒரே உறையில். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938, இந்த இரண்டு எண்ணும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இன்னொன்று. பணியகத்தில் பதிந்து போனவர்களின் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் சித்தியடைந்தால் பணியகம் உதவித்தொகை கொடுக்கிறது. விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் நிறைய.

இனி வீடு. காசு வந்தவுடன் அத்திவாரம் வெட்டுவது இங்கே வழக்கம். அதற்குக் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று மழை. அப்போது வெட்டிய குழி குளமாகும். மாசி, பங்குனியில் தொடங்கி, புரட்டாசிக்குள் கூரை போட முடிகிற அளவுக்குக் காசு இருந்தால்தான் சுவரை முழுமட்டத்துக்கு எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அத்திவாரத்தோடு நிறுத்தி அடுத்த வருடம் தொடரலாம், கெட்டுப்போகாது. தளத்தின் உயரம் கடைசியாக வந்த வெள்ளத்தின் அடையாளத்துக்கு மேலே இருக்க வேண்டும், வாவிக் கரையிலும் படுவான்கரையிலும் இது கட்டாயம். விலை ஏறப்போகிறது என்று சிமெந்தை மொத்தமாக வாங்கி அடுக்கக் கூடாது. மூன்று மாதம் ஈரக்காற்றில் கிடந்த சிமெந்து பலம் குறைந்துபோகும், கட்டி தட்டியிருந்தால் தூக்கியெறிய வேண்டும். முதலில் வாங்கி வைக்கலாம் என்றால் கல்லும் மணலும். கடல் மணல் வேண்டாம், அதன் உப்பு கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்துவிடும்.

மேசனுக்கு நாட்கூலி கொடுப்பதைவிட மட்டம் மட்டமாகக் கொந்தராத்துப் பேசுவது தூரத்திலிருந்து கட்டுபவளுக்கு நல்லது. அத்திவாரம் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டம் வந்தால் இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு என்று எழுதி, ஒவ்வொரு மட்டமும் முடிந்து நான்கு மூலையிலிருந்தும் வீடியோ வந்த பிறகு காசு. கடைத் துண்டுகள் அவள் பெயரில் எழுதப்பட வேண்டும். சிமெந்துக் கடைக்காரர் கணவன் பெயரில் எழுதினால் திருத்தி வாங்கச் சொல்ல வேண்டும். அந்தத் துண்டுக் கட்டுதான் நாளைக்கு வீட்டின் கதையைச் சொல்லப்போவது.

எல்லாவற்றுக்கும் முன் காணி. உறுதிக்காணி, அதாவது பத்திரம் உள்ள தனியார் காணி, என்றால் யாருடைய பெயரில் என்று காணிப் பதிவகத்தில் பார்க்கலாம். படுவான்கரையிலும் அம்பாறையின் குடியேற்றப் பகுதிகளிலும் பெரும்பாலும் அரச பெர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட இந்தக் காணிகளில் குடும்பத் தலைவன் என்று ஆணின் பெயரையே எழுதினார்கள். தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைக் குறிப்பிடாமல் அவர் இறந்தால் மகன்களுக்கே முன்னுரிமை என்று இருந்ததும் 2022 திருத்தத்தில்தான் மாறியது. மாமனாரின் பெர்மிட் காணியில் மருமகளின் காசில் மாளிகை எழும்பினாலும், வீட்டின் உரிமை காணியின் பின்னாலேயே போகும். ஆகவே முதல் வருடக் காசில் கல் வாங்குவதைவிட, தன் பெயருக்கு ஒரு துண்டுக் காணி வாங்குவதோ தகப்பன் பெயரிலோ கணவன் பெயரிலோ இருக்கும் பெர்மிட்டில் பின்னுரித்தாளராகத் தன் பெயரைப் பதிவதோதான் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. அவள் இல்லாதபோது காணி வாங்க யாருக்காவது அற்றோனித் தத்துவம், அதாவது தனக்காகக் கையொப்பமிடும் அதிகாரம், கொடுப்பதென்றால் அந்த ஒரு காணிக்கு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று எழுத வேண்டும். பொது அற்றோனி கொடுத்தால் அதை வைத்து இருக்கும் வளவையும் விற்க முடியும்.

கடைசியில் மகளின் கலியாணம் வரும். வீட்டை மகள் பெயருக்கு எழுதும் நாள். தாய் அதற்காகத்தான் உழைத்தாள், மனமொப்பித்தான் எழுதுவாள். எழுதிக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் ஒரு தகரக் குசினியில் ஒதுங்குகிறவர்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இரண்டாவது மகளுக்காக ஐம்பது வயதில் மறுபடியும் ஏஜென்சி வாசலில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். நன்கொடை உறுதியில் தாயின் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுத வழி இருக்கிறது. உரிமை மகளுக்குப் போகும், ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தாயிடமே நிற்கும். மருமகன் கடனுக்கு வீட்டை ஈடு வைக்க வந்தாலும் தாயை வெளியேற்ற முடியாது. இதை நொத்தாரிசிடம் உறுதி எழுதத் தொடங்குமுன்பே சொல்ல வேண்டும், எழுதி முடித்த பிறகு சேர்ப்பதற்கு வேறு உறுதி முடிக்க வேண்டி வரும். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று தயங்குபவர்கள் கலியாணப் பேச்சின்போதே இதைச் சொல்லிவிடலாம். உறுதியை நொத்தாரிசு தமிழில் வாசிக்கக் கேட்டு, சீவிய உரித்து என்ற வரி தன் முழுப் பெயரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையொப்பம் போடலாம்.